குட்டி ஸ்டூலில் ஒரு கிண்ணம் ஃபோ!

ஒரு நாட்டின் அதிபர் வெளிநாட்டுக்குப் போகிறார். ராத்திரி சாப்பாட்டுக்கு எங்கே போவார்? "இதென்ன கேள்வி? பெரிய மாளிகையில் விருந்து வைப்பாங்க!" என்கிறீர்களா? பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் 2016-ம் ஆண்டு மே 23-ம் தேதி, அப்போது அமெரிக்க அதிபராக இருந்த பராக் ஒபாமா என்ன செய்தார் தெரியுமா? வியட்நாம் தலைநகர் ஹனோயில் ஒரு சாதாரணத் தெருக்கடைக்குள் நுழைந்தார். குட்டை பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு எதிரே, ஊர் ஊராகச் சுற்றிச் சாப்பிட்டு டி.வி. நிகழ்ச்சி நடத்திய சமையல்காரர் ஆன்டனி போர்டெய்ன். பக்கத்து மேஜைகளில் வழக்கமாக வரும் வாடிக்கையாளர்கள். இரண்டு பேர் சாப்பிட்ட பில் எவ்வளவு? வெறும் 6 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 400 ரூபாய்!

அவர்கள் சாப்பிட்டது 'புன் சா' என்ற உணவு. கரி அடுப்பில் சுட்ட பன்றி இறைச்சித் துண்டுகளை இனிப்பும் புளிப்புமான ஒரு சாற்றில் மிதக்க விட்டு, அரிசி நூடுல்ஸையும் கீரைகளையும் அதில் முக்கி முக்கிச் சாப்பிடுவார்கள். ஹனோய்க்காரர்களின் மத்தியானச் சாப்பாடு இது. அந்தக் கடைக்காரர் 2018-ல், அதிபர் உட்கார்ந்த மேஜையைத் தட்டு, கிண்ணம், சாப்ஸ்டிக்கோடு சேர்த்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துவிட்டார். யாரும் அதில் உட்கார முடியாது. வேடிக்கைதான் பார்க்கலாம்!

சரி, கூண்டுக்குள் இருக்கும் மேஜை நமக்கு எதற்கு? கூண்டு இல்லாத ஒரு கடைக்குப் போவோம். வியட்நாமில் தெருவுக்குத் தெரு இருக்கும் சின்னக் கடை. அங்கே கிடைக்கும் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சூப்புக்குள் எத்தனை கதை இருக்கிறது என்று பார்க்கப் போகிறோம். கிளம்பலாமா?

காலை ஆறு மணி

இடம்: ஹனோயின் பழைய நகரம். குறுகலான தெரு. 'டுர்ர்ர்' என்று மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன. கடைக்குப் பெரிய போர்டு எதுவும் கிடையாது. வாசலிலேயே ஒரு பிரம்மாண்டமான பாத்திரம். அதிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்புகிறது. பின்னால் ஒரு பாட்டி நிற்கிறார். நடைபாதையில் சிவப்பும் நீலமுமாகக் குட்டி ஸ்டூல்கள். எவ்வளவு குட்டி என்றால், உங்கள் எல்.கே.ஜி. தம்பி உட்கார்ந்தால் சரியாக இருக்கும். ஆனால் அதில் தொப்பை மாமாக்களும், டை கட்டிய ஆபீஸ்காரர்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து 'சர்ர்ர்...' என்று உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். சத்தம் போட்டு உறிஞ்சினால் இங்கே யாரும் முறைக்க மாட்டார்கள். ஜாலிதானே?

மெனு கார்டு? இல்லை! இந்தக் கடையில் கிடைப்பது ஒன்றே ஒன்று. அதன் பெயர் 'ஃபோ'. அப்படி எழுதுகிறோமே தவிர, சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. 'ஃபோ'வும் இல்லாமல், 'ஃபா'வும் இல்லாமல், நடுவில் ஒரு ஒலி. அதையும் கேள்வி கேட்பது மாதிரி குரலை இறக்கி ஏற்றிச் சொல்ல வேண்டும். எங்கே, ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்... ம்ஹூம், இன்னொரு தடவை!

ஏன் இந்தப் பாடு என்கிறீர்களா? வியட்நாம் மொழியில் ராகம் மாறினால் அர்த்தமே மாறிவிடும். வடக்கு வியட்நாமில் ஆறு ராகங்கள் உண்டு. 'மா' என்ற ஒரே எழுத்தை ஆறு விதமாக இழுத்தால் ஆறு வார்த்தை! சமமாக இழுத்தால் பேய். குரலை ஏற்றினால், தெற்குப் பக்கத்தில் அம்மா. இறக்கினால் 'ஆனால்'. மற்ற மூன்று ராகங்களில் கல்லறை, குதிரை, நெல் நாற்று! அம்மாவைக் கூப்பிடப் போய்ப் பேயைக் கூப்பிட்டுவிட்டால் என்ன ஆகும்? நல்லவேளை, கடைக்காரர்களுக்கு வெளிநாட்டுக்காரர்களின் உச்சரிப்பு பழகிப் போயிருக்கும். விரலைக் காட்டினாலே போதும், கிண்ணம் வந்துவிடும்.

பரிமாறுகிறவரை எப்படிக் கூப்பிடுவது? இது நமக்கு ரொம்ப ஈசி. நம்மைப் போலவே இவர்களும் முன்பின் தெரியாதவர்களைக்கூட உறவு முறை வைத்துத்தான் அழைக்கிறார்கள். அண்ணன் என்றால் 'ஆன்'. அக்கா என்றால் 'சி'. தம்பி, தங்கை இரண்டுக்கும் 'எம்'. அப்பாவுக்குத் தம்பி 'சூ'. பாட்டி என்றால் 'பா'. பின்னால் ஓர் 'ஓய்' சேர்க்க வேண்டும். "சி ஓய்!" என்றால் "அக்கோவ்!" மாதிரி. தமிழில் யாரையாவது 'ஓய்' என்றால் சண்டைக்கு வருவார்கள். அங்கே அது அன்பான ஓய்! அதைவிட வேடிக்கை, அவர்கள் பேச்சில் 'நான்', 'நீ' என்பதற்கும் பெரும்பாலும் இந்த உறவுச் சொற்கள்தான். "அண்ணனுக்குத் தங்கச்சி சூப் கொண்டு வரட்டுமா?" என்கிற பாணி. அதனால் இரண்டு பேர் சந்தித்ததும் முதல் வேலையாக வயதைக் கேட்டுவிடுவார்கள். யார் அண்ணன், யார் தம்பி என்று தெரியாமல் பேச்சே நகராதே!

கிண்ணம் வந்தாச்சு!

ஆர்டர் சொல்லி இரண்டே நிமிஷம். பாட்டியின் கையைக் கவனியுங்கள். வெள்ளை வெளேரென்ற தட்டையான அரிசி நூடுல்ஸை ஒரு சல்லடைக் கரண்டியில் போட்டு வெந்நீரில் ஒரு முக்கு. கிண்ணத்தில் கொட்டி, மேலே காகிதம் மாதிரி மெல்லியதாக நறுக்கிய மாட்டிறைச்சி. பொடிப்பொடியாக வெங்காயத்தாள், கொத்தமல்லி. கடைசியில் அந்தப் பெரிய பாத்திரத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு கரண்டி சாறு. 'ஸ்ஸ்ஸ்...' சிவப்பாக இருந்த இறைச்சி நம் கண் முன்னாலேயே வெந்து நிறம் மாறும்.

மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்களுக்குக் கோழி ஃபோ உண்டு. சில கடைகளில் இரண்டும் கிடைக்கும், சில கடைகளில் ஏதாவது ஒன்றுதான். இறைச்சியே வேண்டாம் என்றால் 'சாய்' என்று எழுதிய கடையைத் தேட வேண்டும். ஆகா, டீக்கடை என்று நினைத்து ஓடாதீர்கள்! அவர்கள் மொழியில் 'சாய்' என்றால் சைவம். பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இறைச்சியைத் தொட மாட்டார்கள். அந்த நாட்களில் சைவக் கடைகளில் நல்ல கூட்டம் இருக்கும்.

சாப்பிடும் முறை: வலது கையில் சாப்ஸ்டிக், இடது கையில் குழிக் கரண்டி. முதலில் ஒரு வாய் வெறும் சாறு. இதில் அவசரப்படாதீர்கள். எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் பார்த்ததும் கை பரபரக்கும். ஆனால் ருசி பார்ப்பதற்கு முன்னால் கண்டதையும் கொட்டினால், ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் கொதிக்க வைத்த பாட்டிக்குக் கோபம் வராதா? இன்னொன்று: சாப்ஸ்டிக்கை உணவில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றி வைத்த மாதிரி இருக்குமாம்.

அந்தத் தண்ணியில் அப்படி என்ன இருக்கு?

பார்த்தால் டீத்தண்ணி மாதிரிதான் இருக்கும். அடியில் இருக்கும் நூடுல்ஸ் அப்படியே தெரியும். ஆனால் வாயில் வைத்ததும், "எங்கேயோ சாப்பிட்ட வாசனை ஆச்சே!" என்று தோன்றும். யோசியுங்கள். பட்டை, கிராம்பு, கொத்தமல்லி விதை, கறுப்பு ஏலக்காய், அப்புறம்... அன்னாசிப்பூ! ஆமாம், பிரியாணியில் வாயில் மாட்டினால் துப்புவீர்களே, நட்சத்திரம் மாதிரி இருக்கும் அதே அன்னாசிப்பூதான். அதற்கும் அன்னாசிப் பழத்துக்கும் எந்த உறவும் கிடையாது. வியட்நாமின் வடக்கு எல்லையில், சீனாவை ஒட்டி 'லாங் சோன்' என்ற மலைப்பகுதி இருக்கிறது. அன்னாசிப்பூ மரங்களுக்குப் பெயர் போன இடம். வியட்நாமிலிருந்து இதை அதிகமாக வாங்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆக, உங்கள் வீட்டு பிரியாணியில் கிடந்த பூ அந்த மலையிலிருந்தே வந்திருக்கலாம்.

சாறு செய்வது பெரிய வேலை. மாட்டு எலும்புகளை ஒரு கொதி விட்டு, அந்த அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். புதுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினால் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம், அதற்கு மேலும்கூடக் காய வேண்டும். தீ பெரிதாக இருக்கக் கூடாது. ஏன் தெரியுமா? தளதளவென்று கொதித்தால் கொழுப்பெல்லாம் உடைந்து நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் கலந்துவிடும். சாறு கலங்கிப் போகும். சின்னத் தீயில் விட்டால் கொழுப்பு மேலே மிதக்கும், கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். இதற்கிடையே இஞ்சியையும் வெங்காயத்தையும் நேரடியாக நெருப்பில் கருக்கி, கருகின தோலைச் சுரண்டிப் பாத்திரத்தில் போடுவார்கள். லேசான புகை வாசனையும் ஒரு தித்திப்பும் அதில்தான் வரும். வறுத்த மசாலாவைத் துணியில் முடிந்து உள்ளே போட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அதனால் இங்கே அன்னாசிப்பூ வாயில் மாட்டாது!

நூடுல்ஸும் சும்மா இல்லை. அரிசியை ஊற வைத்து அரைத்து, கொதிக்கும் பானையின் வாயில் இழுத்துக் கட்டிய துணி மேல் மெல்லிசாகத் தேய்த்து மூடுவார்கள். ஆவியில் வெந்ததும் மூங்கில் குச்சியால் அந்த மெல்லிய விரிப்பை அப்படியே தூக்கி, ஆறவிட்டு, நாடா நாடாகக் கத்தரிப்பார்கள். ஒபாமா சாப்பிட்ட புன் சாவில் வரும் நூடுல்ஸ் வேறு வகை. மாவை ஓட்டை போட்ட அச்சில் பிழிந்து நேராகக் கொதிநீரில் விழவைப்பார்கள். நம் இடியாப்பத்துக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி!

உப்புக்கு? மேஜையில் பழுப்பு நிறத்தில் ஒரு பாட்டில் இருக்கிறதே, அதுதான் 'நுவோக் மாம்'. நெத்திலி மீனையும் உப்பையும் பெரிய மரப் பீப்பாயில் அடுக்கி, ஒரு வருஷம் போல அப்படியே விட்டுவிடுவார்கள். அடியில் சொட்டுச் சொட்டாக இறங்கும் சாறு இது. மூக்கில் வைத்தால் ஓடத் தோன்றும். நாக்கில் வைத்தால் இன்னும் கொஞ்சம் கேட்கத் தோன்றும்.

பைலட் இல்லாத ஃபோ

இந்த ஃபோ ரொம்பப் பழங்கால உணவு என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. இதற்கு வயது நூறைத் தாண்டி ஏதோ கொஞ்சம். வியட்நாமை பிரான்ஸ் ஆண்ட காலம். அதுவரை அங்கே மாடு என்றால் முக்கியமாக ஏர் உழ. பிரெஞ்சுக்காரர்கள் மாட்டிறைச்சி கேட்டார்கள். நல்ல கறியை அவர்கள் எடுத்துக்கொள்ள, எலும்பு மிஞ்சியது. நாம் தின்ன முடியாததைத் தூக்கி எறிவோம். வடக்கு வியட்நாமின் தெரு வியாபாரிகளோ அதைக் கொதிக்க வைத்து அரிசி நூடுல்ஸில் ஊற்றினார்கள். தோளில் காவடி மாதிரி ஒரு மூங்கில். ஒரு பக்கம் அடுப்போடு பாத்திரம், மறுபக்கம் கிண்ணமும் நூடுல்ஸும். இப்படியே ஹனோய்த் தெருக்களில் கூவிக்கொண்டு நடந்தார்கள். ஹனோய்க்குத் தெற்கே உள்ள 'நாம் தின்' வட்டாரம்தான் ஃபோ சமையல்காரர்களுக்குப் பேர்போனது. 2024-ல் ஹனோய் ஃபோவையும் நாம் தின் ஃபோவையும் தேசிய கலாசாரச் சொத்துகளின் பட்டியலில் வியட்நாம் அரசு சேர்த்தது.

கோழி ஃபோ வந்தது இன்னும் வேடிக்கை. 1939 வாக்கில், வாரத்தில் இரண்டு நாள் மாட்டிறைச்சி விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு. அந்த நாட்களில் கடையை மூடவா முடியும்? கோழியைப் போட்டுவிட்டார்கள். "இதெல்லாம் ஒரு ஃபோவா?" என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். இன்றைக்கு அதற்கென்றே தனிக் கடைகள்!

அப்புறம் வந்ததுதான் கஷ்ட காலம். 1954-ல் நாடு இரண்டாகப் பிரிந்தது. வடக்கில் கம்யூனிஸ்ட் ஆட்சி. தெற்கில் அமெரிக்கா ஆதரித்த ஆட்சி. இரண்டுக்கும் போர். வடக்கில் அரிசியும் இறைச்சியும் ரேஷன். பெரும்பாலான கடைகள் அரசாங்கக் கடைகள். கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வரிசையில் நின்றால் ஒரு கிண்ணம் கிடைக்கும். உள்ளே பார்த்தால் நூடுல்ஸ் இருக்கும், சாறு இருக்கும். இறைச்சியை மட்டும் காணோம்!

அந்தச் சமயத்தில் அமெரிக்கா வேவு பார்ப்பதற்காக, ஆள் இல்லாத விமானங்களை வடக்கு வியட்நாமின் மேல் பறக்கவிட்டது. பைலட்டே இல்லாத விமானம். ஹனோய்க்காரர்கள் தங்கள் கிண்ணத்தைப் பார்த்தார்கள். இறைச்சி இல்லாத ஃபோவுக்குப் 'பைலட் இல்லாத ஃபோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள்! தலைக்கு மேல் எதிரி விமானம், வயிற்றில் பசி. அப்போதும் ஜோக் அடிக்கத் தோன்றியிருக்கிறது பாருங்கள். எனக்கு ஃபோ கதைகளிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான்.

போர் 1975-ல் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. 1986-ல் பொருளாதாரக் கொள்கையை அரசு மாற்றிய பிறகுதான், தனியார் கடைகள் மறுபடி தாராளமாக முளைத்தன. நாம் பார்த்த பாட்டியின் வயதுக்காரர்கள் எல்லோரும் அந்த வரிசையில் நின்று வளர்ந்தவர்கள். கிண்ணத்தில் இறைச்சியை அடுக்கும்போது அவர் ஒரு துண்டுகூடச் சிந்தாமல் அடுக்குவதை இப்போது இன்னொரு தடவை பாருங்கள்.

தெற்கே ஒரு கடை

இனி ரயில் ஏறுவோம். ஹனோயிலிருந்து தெற்கே ஹோசிமின் நகரம் வரை 1,726 கிலோமீட்டர். முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நகரத்தின் பழைய பெயர் சைகோன். 1954-ல் நாடு பிரிந்தபோது லட்சக்கணக்கானவர்கள் வடக்கிலிருந்து தெற்குக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களோடு ஃபோவும் போனது. தெற்கில் மண் செழிப்பு, காய்கறி ஏராளம். அதனால் இங்கே கிண்ணத்தோடு ஒரு தட்டு நிறையப் பச்சிலை வரும். முளைகட்டிய பயறு, எலுமிச்சை, மிளகாய், அப்புறம் நம் ஊர் திருநீற்றுப்பச்சிலையின் சொந்தக்கார இலை. நீங்களே பிய்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். இனிப்பான கறுப்பு சாஸும் உண்டு. "ஃபோவைக் கெடுத்துட்டாங்க!" என்பார் ஹனோய்க்காரர். "உங்களுக்குச் சாப்பிடத் தெரியலை!" என்பார் சைகோன்காரர். இந்தச் சண்டையில் நாம் தலையிட வேண்டாம். இரண்டையும் சாப்பிடுவோம்.

இந்த நகரத்தின் நடுவில் ஒரு மாரியம்மன் கோயிலும் இருக்கிறது! பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கே வியாபாரம் செய்யப் போன தமிழர்கள் கட்டியது. இப்போது வியட்நாம் மக்களே அங்கே ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

நாம் தேடி வந்த கடை வேறு. 2025 வரை மூன்றாவது வட்டமாக இருந்த பகுதியில் 'லீ சின் தாங்' தெரு, எண் 7. பெயர் 'ஃபோ பின்'. 'பின்' என்றால் அமைதி. அமைதி ஃபோ கடை!

1960-களில் சைகோன் முழுக்க அமெரிக்கச் சிப்பாய்கள். 1968-ல் மட்டும் தெற்கு வியட்நாமில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் இந்தக் கடைக்கு வந்து ஃபோ சாப்பிடுவார்கள். கடைக்காரர் பெயர் ங்கோ தொவாய். சிரித்த முகமாகப் பரிமாறுவார். சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுத்துப் போவார்கள். அவர்கள் தலைக்கு மேலே, மாடியில் என்ன நடந்தது தெரியுமா? அவர்களோடு போரிட்ட கொரில்லாப் படையின் ரகசியத் தலைமையிடமே அங்கேதான் இருந்தது! கீழே கரண்டிச் சத்தம், மேலே வரைபடம். கடைக்காரரும் அந்தப் படையைச் சேர்ந்தவர்தான். சாப்பிட வருகிறவர் யார், மாடிக்குப் போகிறவர் யார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. நூடுல்ஸ் கடையில் நாள் முழுக்க ஆட்கள் வந்துபோவதில் யாருக்குச் சந்தேகம் வரும்?

வியட்நாமின் புத்தாண்டுக்கு 'டெட்' என்று பெயர். 1968 ஜனவரி கடைசியில் டெட் வந்தது. பண்டிகைக்காக இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்துவதாக அறிவித்திருந்தார்கள். தெருவெல்லாம் பட்டாசுச் சத்தம். ஜனவரி 30, 31 தேதிகளில், நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஒரே சமயத்தில் தாக்குதல் தொடங்கியது. சைகோன் தாக்குதலுக்கான உத்தரவு அந்த மாடியிலிருந்து போனது. அமெரிக்கத் தூதரகத்தின் மதிலில் ஓட்டை போட்டு 19 பேர் உள்ளே புகுந்தார்கள். விடிந்த பிறகும் சண்டை ஓயவில்லை. தொடர்ந்த வாரங்களில் இரண்டு பக்கத்திலும் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். பண்டிகைக்குப் புதுச் சட்டை போட்டிருந்த சாதாரண ஜனங்களும் அதில் உண்டு.

போலீஸ் கடையைச் சுற்றி வளைத்தது. தொவாய் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். போர் முடிந்த பிறகு கடையில் மறுபடியும் அடுப்பு எரிந்தது. அவருடைய குடும்பத்தார் தொடர்ந்து நடத்தினார்கள். மாடி அறையைப் பழையபடியே வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டினார்கள். கீழே ஃபோ சாப்பிட்டுவிட்டு மேலே போய்ப் பார்த்தவர்களில் அமெரிக்கர்களும் இருந்தார்கள்.

"அப்போ அந்தக் கடைக்காரர் நல்லவரா, கெட்டவரா?" என்று கேட்பீர்கள். வியட்நாமில் அவர் வீரர். அவர் கையால் வாங்கிச் சாப்பிட்டு, பிறகு அந்தச் சண்டையில் மகனைப் பறிகொடுத்த ஓர் அமெரிக்க அம்மா இருந்தால், அவர் வேறு பதில் சொல்வார். சிப்பாய்களில் நிறையப் பேர் உங்கள் வீட்டு அண்ணன் வயதுதான், பத்தொன்பது, இருபது. ஒரே கிண்ணத்தில் சூடாக வாங்கிக் குடித்தவர்கள். எனக்கும் இதற்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் வகுப்பில் பேசிப் பாருங்கள்.

1972 டிசம்பரில் ஹனோய் மீது அமெரிக்க விமானங்கள் குண்டுமழை பொழிந்தன. அதே ஊரில்தான் 43 ஆண்டுகள் கழித்து, அமெரிக்க அதிபர் பாதுகாப்பாகக் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, "இதை எப்படிச் சாப்பிடறது?" என்ற மாதிரி போர்டெய்னைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். போர்டெய்ன் 2018-ல் காலமாகிவிட்டார்.

பில் வந்தாச்சு

ஒரு கிண்ணம் சாதாரணக் கடையில் ஐம்பதாயிரம். மயக்கம் போடாதீர்கள்! ரூபாய் இல்லை, டாங். வியட்நாம் பணம். ஐம்பதாயிரம் டாங் என்றால் நம் பணத்தில் 150 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. நோட்டுகளில் பூஜ்ஜியம் ரயில் பெட்டி மாதிரி நீளும். எல்லா நோட்டிலும் ஹோசிமின் தாத்தா சிரிக்கிறார். பெரிய நோட்டுகள் பிளாஸ்டிக்கில் செய்தவை, மழையில் நனைந்தாலும் கிழியாது. ஒரு எச்சரிக்கை: இருபதாயிரம் நோட்டும் நீலம், ஐந்து லட்சம் நோட்டும் நீலம். அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டு, சுற்றுலாப் பயணிகள் ஹோட்டல் அறையில் போய்த் தலையில் கை வைத்துக்கொள்வது வாடிக்கை.

மணி பத்து. பாத்திரம் காலி. பாட்டி ஸ்டூல்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறார். மதியம் இந்த இடத்தில் கடை இருந்ததே தெரியாது. நாளைக்குச் சாறு வேண்டுமே? எலும்பு வாங்க ஆள் கிளம்பியாச்சு.

விமானச் சீட்டு இல்லாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையோ அப்பாவையோ கூட வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள் (அடுப்புப் பக்கம் தனியாகப் போகக் கூடாது, சொல்லிட்டேன்!). ஒரு பெரிய வெங்காயம், ஒரு துண்டு இஞ்சி இரண்டையும் இடுக்கியில் பிடித்துத் தீயில் கருகச் சுட்டு, தோலைச் சுரண்டுங்கள். முள்ளங்கி, கேரட், கோஸ் துண்டுகளோடு தண்ணீரில் போட்டு, ஒரு சின்னப் பட்டை, இரண்டு கிராம்பு, ஒரு ஸ்பூன் மல்லி விதை, ஒரே ஒரு அன்னாசிப்பூ எல்லாவற்றையும் வறுத்துத் துணியில் முடிந்து உள்ளே இறக்குங்கள். சின்னத் தீயில் ஒரு மணி நேரம். வடிகட்டி உப்புப் போட்டு, வேக வைத்த அரிசி சேவை மேல் ஊற்றி, கொத்தமல்லியும் எலுமிச்சையும். இறைச்சி இல்லைதான். அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத்தான் இப்போது தெரியுமே!

துணியில் முடிவதற்கு முன்னால் அந்த அன்னாசிப்பூவை உள்ளங்கையில் வைத்து இதழ்களை எண்ணுங்கள். பெரும்பாலும் எட்டு இருக்கும். ஒவ்வொரு இதழுக்குள்ளும் பளபளவென்று ஒரு விதை.